சதுரங்கம் ‘செஸ்’ ஆன கதை

நான்கு உறுப்புள்ள படைக்கு இந்தியா வைத்த பெயர் அது. பாரசீகம், பாக்தாத், ஸ்பெயின், பிரான்ஸ் என்று சுற்றி, கடைசியில் ஒரு ராஜாவின் பெயராக நம்மிடமே திரும்பி வந்தது. போகிற வழியில் யானை பாதிரியார் ஆனது, மந்திரி ராணி ஆனார், வங்கிக் காசோலைக்கும் சோதனைச் சாவடிக்கும் பெயர் கிடைத்தது.

2024 டிசம்பர் 12. சிங்கப்பூரின் செந்தோசா தீவு. உலக சாம்பியன் போட்டியின் 14ஆவது, கடைசி ஆட்டம். சமனில் முடியும் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்த எல்லோரும் நினைத்தார்கள். 55ஆவது நகர்த்தலில் டிங் லிரென் தன் யானையை எஃப்-2 கட்டத்துக்குக் கொண்டுபோனார். எதிரே கறுப்புக் காய்களுடன் 18 வயது குகேஷ். சில நொடிகளில் அவர் முகம் மாறியது. யானைக்கு யானையை வெட்டினார். அடுத்து பிஷப்புக்கு பிஷப். 58ஆவது நகர்த்தலோடு டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார். ஏழரைக்கு ஆறரை. சென்னைப் பையன் உலக சாம்பியன்.

ஆட்டம் முடிந்தபோது பலகையில் மிஞ்சியிருந்தவை இரண்டு ராஜாக்களும் சில சிப்பாய்களும் மட்டுமே. குகேஷிடம் ஒரே ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்தது. பட்டத்தை வாங்கிக் கொடுத்தது அந்தக் காலாள்தான்.

அன்றிலிருந்து தமிழ்நாட்டு வீடுகளில் ‘செஸ்’ என்ற சொல் கேட்காத நாளில்லை. பக்கத்துத் தெருவில் செஸ் கிளாஸ், பள்ளியில் செஸ் போட்டி, கைபேசியில் செஸ் செயலி. ஆனால் ‘செஸ்’ என்றால் என்ன? ‘ராஜாக்கள்’ என்று பொருள். ‘சதுரங்கம்’ என்றால்? ‘நால்வகைப் படை’. ஒரே ஆட்டத்துக்கு ஒரு பெயர் படையைச் சொல்கிறது, இன்னொரு பெயர் ராஜாவை மட்டும் சொல்கிறது. முதல் பெயரிலிருந்து இரண்டாவது பெயருக்குப் போய்ச்சேர உலகத்துக்குப் பல நூற்றாண்டுகள் ஆயின. அந்தப் பாதையில்தான் இந்த ஆட்டத்தின் வரலாறு முழுவதும் கிடக்கிறது.

சதுரம் + அரங்கம் அல்ல

சதுரமான கட்டங்கள் உள்ள அரங்கம், அதனால் சதுரங்கம் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பொருத்தமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் சொல் பிரிவது அப்படி அல்ல. சதுர் என்றால் நான்கு, அங்கம் என்றால் உறுப்பு. யானை, தேர், குதிரை, காலாள் என்ற நான்கு உறுப்புகள் கொண்ட படைக்கு வடமொழி இதிகாசங்கள் தரும் பெயர் சதுரங்க சேனை. ஆட்டம் பிறக்கும் முன்பே போர்க்களத்தில் இருந்த சொல் இது.

தமிழுக்கும் இந்தக் கணக்கு புதிதல்ல. திருக்குறளின் படைமாட்சி அதிகாரம் தொடங்குவதே, படைக்கு உறுப்புகள் நிறைந்திருக்க வேண்டும் என்ற கருத்தோடுதான். அந்த உறுப்புகள் யானை முதலிய நான்கு என்று பரிமேலழகர் விளக்குகிறார். அங்கம் என்பதும் உறுப்பு என்பதும் ஒன்றே. படையை ஓர் உடம்பாகப் பார்த்தவர்களின் சிந்தனை அது. ஓர் உறுப்பு குறைந்தாலும் உடம்பு தடுமாறும்.

அந்தப் படையை மரப்பலகையில் இறக்கியதுதான் ஆட்டம். பலகை முன்பே இருந்தது. எட்டுக்கு எட்டாக 64 கட்டங்கள் கொண்ட அதற்கு அஷ்டாபதம் என்று பெயர். அதில் பகடை உருட்டி ஆடும் வேறு ஆட்டங்கள் நடந்துவந்தன. 7ஆம் நூற்றாண்டில் பாணர் எழுதிய ஹர்ஷசரிதத்தில் ஒரு சிலேடை வருகிறது. ஹர்ஷரின் ஆட்சியில் போரே இல்லை, சதுரங்க அணிவகுப்பை அஷ்டாபதப் பலகையில்தான் பார்க்க முடியும் என்பது அதன் கருத்து. மன்னரைப் புகழ வந்த வரி அது. ஆனால் அந்தக் காலத்தில் வட இந்தியாவில் ஆட்டம் இருந்தது என்பதற்கு நமக்குக் கிடைக்கும் பழைய சாட்சிகளில் அதுவும் ஒன்று.

தூதர் கொண்டுவந்த புதிர்

பெயர் முதலில் போய்ச்சேர்ந்த ஊர் பாரசீகம். 531 முதல் 579 வரை ஆண்ட முதலாம் கொஸ்ரோ அனுஷிர்வானின் அவையில் நடந்ததாக ஒரு கதையைப் பழைய பஹ்லவி மொழிச் சிறுநூல் சொல்கிறது. இந்திய மன்னர் ஒருவர் தூதரிடம் ஒரு பலகையையும் 32 காய்களையும் கொடுத்தனுப்புகிறார். 16 காய்கள் மரகதம், 16 காய்கள் மாணிக்கம். கூடவே ஒரு சவால். நீங்கள் மன்னர்களுக்கெல்லாம் மன்னர் என்றால், உங்கள் அறிஞர்களும் எங்கள் அறிஞர்களைவிட மேலானவர்களாக இருக்க வேண்டும். இது என்ன என்று கண்டுபிடித்துச் சொல்லுங்கள். முடியாவிட்டால் கப்பம் கட்டுங்கள்.

அவை திகைக்கிறது. பிறகு அமைச்சர் வுசுர்க்மிஹர் எழுந்து, இது போர்க்களத்தைப் போல அமைத்த ஆட்டம் என்று ஒவ்வொரு காயாக எடுத்து விளக்குகிறார். தூதரையே ஆட்டத்தில் தோற்கடிக்கிறார். பதிலுக்கு அவர் ஒரு பகடை ஆட்டத்தை உருவாக்கி இந்தியாவுக்கு எடுத்துச்செல்கிறார். 1010இல் ஃபிர்தவுசி முடித்த ஷாநாமா காவியத்திலும் இதே கதை விரிவாக வருகிறது.

கதையில் கற்பனை உண்டு. ஆனால் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. தங்கள் அமைச்சரின் அறிவைப் புகழ எழுதிய நூலில்கூட, ஆட்டம் இந்தியாவிலிருந்து வந்தது என்பதைப் பாரசீகர்கள் மறைக்கவில்லை. பெயரையும் மாற்றவில்லை. சதுரங்கம் அவர்கள் நாவில் ‘சத்ரங்’ ஆனது, அவ்வளவுதான். பொருள் எங்கிருந்து வந்ததோ அங்கிருந்தே பெயரும் வருவது மொழிகளின் வழக்கம். நம் கட்டுமரம் ஆங்கிலத்தில் ‘கேட்டமரன்’ ஆகியிருப்பதும் இதே வழக்கத்தால்தான். சீனாவே ஆட்டத்தின் தாயகம் என்று வாதிடும் ஆய்வாளர்கள் சிலர் உண்டு. அவர்களுக்கு எதிரே நிற்கும் வலுவான சாட்சி இந்தச் சொல்தான்.

7ஆம் நூற்றாண்டில் பாரசீகம் அரபுகளின் கைக்கு வந்தது. ஆட்டமும் கைமாறியது. ‘பச்சை’ என்னும்போது வருகிற அழுத்தமான ‘ச்’ ஓசை அரபியில் இல்லை. ‘சங்கம்’ என்பதில் வருகிற ‘க’ ஓசையும் இல்லை. முதலாவதற்கு ‘ஷ’, இரண்டாவதற்கு ‘ஜ’ போட்டுச் சொன்னார்கள். சத்ரங் ‘ஷத்ரஞ்ச்’ ஆனது. பின்னாளில் இந்த அரபு வடிவமே பாரசீகம் வழியாக இந்தியாவுக்குள் திரும்பி வந்தது. வட இந்தியர்கள் இன்றும் ஷத்ரஞ்ச் என்பது அதனால்தான்.

பாக்தாதில் ஆட்டம் ஒரு கலையாக வளர்ந்தது. 9ஆம் நூற்றாண்டில் அல் அத்லி, 10ஆம் நூற்றாண்டில் அஸ் சூலி போன்ற ஆட்டக்காரர்கள் கலீஃபாக்களின் அவையில் ஆடினார்கள், ஆட்டத்தைப் பற்றி நூல்கள் எழுதினார்கள், புதிர்களை அமைத்தார்கள். இன்று பயிற்சி வகுப்புகளில் பிள்ளைகள் போடும் ‘இரண்டே நகர்த்தலில் மேட்’ கணக்குகளுக்கு முன்னோடிகள் அந்தப் புதிர்கள்.

படை போய் ராஜா மிஞ்சினார்

இதுவரை பெயரில் ஓசைதான் மாறியது, பொருள் மாறவில்லை. ஐரோப்பாவில்தான் பெயரே வேறானது.

எதிராளியின் ராஜாவைத் தாக்கும்போது ‘ஷா’ என்று குரல் கொடுத்து எச்சரிப்பது பாரசீக வழக்கம். ஷா என்றால் ராஜா. ஷாஜகானில் இருக்கும் அதே ஷா. நம் ஊர் திரையரங்குகள் அதிர்ந்த ‘பாட்ஷா’விலும் அதே ஷா. பலகையைச் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கும் அந்நியர் காதில் அடிக்கடி விழுவது அந்தச் சொல்தான். ஐரோப்பியர்கள் ஆட்டத்துக்கே அதைப் பெயராக வைத்துவிட்டார்கள். லத்தீனில் அது ‘ஸ்காக்’ என்று திரிந்தது, பழைய பிரெஞ்சில் ‘எஷெக்’ ஆனது. எஷெக்கின் பன்மை வடிவம் ஆங்கிலத்துக்குப் போய் ‘செஸ்’ ஆனது. ஒருமை வடிவம் ‘செக்’ ஆனது. ‘செக்’ என்று நாம் சொல்லும்போது ‘ராஜா’ என்கிறோம். ‘செஸ்’ என்னும்போது ‘ராஜாக்கள்’ என்கிறோம்.

‘செக்மேட்’ என்பது ‘ஷா மாத்’. அரபியில் ‘மாத்த’ என்றால் இறந்தான் என்று பொருள் இருப்பதால், ராஜா இறந்தார் என்று பலர் விளக்குவார்கள். பாரசீகத்தில் ‘மாத்’ என்றால் வழியற்று நிற்பவர், செயலிழந்தவர் என்று பொருள். ஆட்டத்தின் விதிக்கு ஒத்துப்போவது இந்தப் பொருள்தான். சதுரங்கத்தில் எந்த ராஜாவும் வெட்டப்படுவதில்லை. போக்கிடம் இல்லாமல் நிற்கிறார், ஆட்டம் முடிகிறது.

இன்னும் பின்னால் போனால் ஓர் உறவு தெரியவருகிறது. ஷா என்ற சொல்லின் பழைய வடிவம் ‘க்ஷாயதிய’. டேரியஸ் மன்னர் பெகிஸ்துன் மலையில் வெட்டிய கல்வெட்டில் தன்னை அப்படித்தான் அழைத்துக்கொள்கிறார். ஆளுதல் என்று பொருள்படும் இந்த வேர்தான் வடமொழியின் க்ஷத்திரத்துக்கும் வேர். நாம் சத்திரியர் என்று சொல்லும் சொல்லும் ஆங்கிலேயர் செஸ் என்று சொல்லும் சொல்லும் தூரத்து உறவுகள்.

பெட்டிச் செய்தி: எந்த ஊரில் என்ன பெயர்?

படையைச் சொல்லும் பெயர்கள்: சதுரங்கம் (தமிழ்), ஷத்ரஞ்ச் (இந்தி, அரபி), சத்ரஞ்ச் (துருக்கி), சத்தூர் (மலாய்), ஷத்தர் (மங்கோலியா), செந்தெரெஜ் (எத்தியோப்பியா), அஹெத்ரேஸ் (ஸ்பெயின்), ஷத்ரேஷ் (போர்த்துக்கல்).

ராஜாவைச் சொல்லும் பெயர்கள்: செஸ் (ஆங்கிலம்), எஷெக் (பிரான்ஸ்), ஸ்காக்கி (இத்தாலி), ஷாஹ் (ஜெர்மனி), ஷக் (ஹங்கேரி), ஷாஹி (போலந்து).

‘ஷா மாத்’ என்ற முடிவையே பெயராக்கியவர்கள்: ரஷ்யர்கள். அவர்களுக்கு இது ‘ஷாஹ்மத்தி’.

ஐரோப்பாவில் ஸ்பெயினும் போர்த்துக்கலும் மட்டும் ‘படை’ப் பெயரை வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. பல நூற்றாண்டுகள் அரபுகள் ஆண்ட மண் அது. ‘அஷ் ஷத்ரஞ்ச்’ என்று அவர்கள் சொன்னதைக் கேட்டே அந்த மக்கள் ஆடப் பழகினார்கள்.

யானை பாதிரியார் ஆனது

பெயர் மாறிய கதையைக் காட்டிலும் காய்கள் மாறிய கதை சுவையானது. ஒவ்வொரு நாடும் தனக்குத் தெரிந்ததை வைத்துக்கொண்டது, தெரியாததைத் தனக்குத் தோன்றியபடி மாற்றிக்கொண்டது.

குதிரையை எல்லோருக்கும் தெரியும். அதனால் அதன் வடிவத்துக்கோ தாவலுக்கோ எங்கும் ஆபத்து வரவில்லை. யானையின் பாடுதான் பெரும்பாடு. பாரசீகத்தில் யானை ‘பீல்’, அரபியில் ‘அல் ஃபீல்’. உருவம் செதுக்குவதைத் தவிர்த்த இஸ்லாமிய உலகில் காய்கள் வெறும் உருளைகளாக மாறின. யானைக்கு அடையாளமாகத் தந்தம்போல இரண்டு சிறு முனைகளை மட்டும் விட்டார்கள். யானையையே பார்த்திராத ஐரோப்பியர்கள் அந்த இரட்டை முனையைப் பார்த்துக் குழம்பினார்கள். பிளவுபட்ட உச்சியைக் கொண்ட ஆயரின் தொப்பி என்றனர் ஆங்கிலேயர்கள், அது பிஷப் ஆனது. விதூஷகனின் கொம்புத் தொப்பி என்று பிரெஞ்சுக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள், அவர்களுக்கு இன்றும் அது கோமாளி. வரலாற்றாசிரியர்கள் தரும் விளக்கம் இது. ஜெர்மானியர்கள் ‘ஓடுபவன்’ என்று பெயரிட்டார்கள். ஸ்பெயினில் ‘அல்ஃபில்’ என்று அரபுப் பெயரே நிலைத்துவிட்டது. ரஷ்யர்கள் மட்டும் இன்றும் ‘ஸ்லோன்’ என்கிறார்கள். அவர்கள் மொழியில் ஸ்லோன் என்றால் யானையேதான்.

மூலையில் நிற்கும் ‘ரூக்’ பாரசீகத்தின் ‘ருக்’, அதாவது தேர். போர்க்களத்திலிருந்து தேர் மறைந்து பல நூற்றாண்டுகள் ஆகிவிட்ட ஐரோப்பாவில் அது கோட்டைக் கோபுரமாக மாறியது. ஆனால் தமிழ்நாட்டில் மூலைக் காயை நாம் யானை என்கிறோமே? அதற்கும் பழைய சாட்சி இருக்கிறது. இந்தியர்கள் யானையை மூலையில் வைத்து ஆடுவதை அல் அத்லி குறித்துவைத்திருக்கிறார். ரஷ்யரின் யானை நடுவிலும் நம் யானை மூலையிலும் நிற்பதில் யாருக்கும் தவறு இல்லை. இரண்டு பழைய மரபுகள் அவை.

மலாய் மொழியில் நமக்கென்றே ஒரு செய்தி காத்திருக்கிறது. மூலைக் காய்க்கு மலாய் ஆட்டக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் ‘திர்’. நம் தமிழ்த் ‘தேர்’தான் அது. பக்கத்தில் ‘கஜா’ என்ற யானை, ராணியின் இடத்தில் ‘மந்திரி’. சிப்பாய்க்கு அரபியிலிருந்து வந்த ‘பீடக்’. ராஜாவைத் தாக்கினால் ‘ஷா’. வணிகக் கப்பல்கள் கொண்டுபோய்ச் சேர்த்த வடமொழியும் தமிழும் அரபியும் பாரசீகமும் ஒரே பலகையில் அணிவகுத்து நிற்கின்றன. குகேஷ் பட்டம் வென்ற சிங்கப்பூரிலும் மலாய் பேசுவோர் இந்தச் சொற்களோடுதான் இந்த ஆட்டத்தை அறிந்திருக்கிறார்கள்.

காலாளின் பெயர் மட்டும் எங்கு போனாலும் காலை விடவில்லை. வடமொழியில் பதாதி, பாரசீகத்தில் பியாதா, இரண்டும் காலைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தவை. லத்தீனின் ‘பெதோ’வும் அப்படியே. அதிலிருந்து ஆங்கில ‘பான்’, ஸ்பானிய ‘பெயோன்’, பிரெஞ்சு ‘பியோன்’ வந்தன. போர்த்துக்கீசியரும் பிரெஞ்சுக்காரரும் இந்தியாவில் காலாட்களையும் ஏவலாட்களையும் அதே சொல்லால் அழைத்தார்கள். நம் அலுவலகங்களில் இன்றும் கோப்பு எடுத்துவரும் ‘பியூன்’ பிறந்தது அங்கேதான். தமிழ் இதை இன்னும் தெளிவாகச் சொல்கிறது: கால் ஆள், காலாள்.

மந்திரி ராணி ஆனார்

ராஜாவுக்குப் பக்கத்தில் நின்றவர் மந்திரி. பாரசீகத்தில் ‘ஃபர்சீன்’. மூலைவிட்டமாக ஒரே ஒரு கட்டம் நகரலாம், அவ்வளவுதான் அவருக்கு அதிகாரம். பலகையின் பலவீனமான காய்களில் ஒன்று. யானையும் மூலைவிட்டத்தில் இரண்டாவது கட்டத்துக்குத் தாவும், அதற்கு மேல் போகாது. அதனால் பாக்தாத் ஆட்டம் மெதுவாகச் சூடுபிடிக்கும் ஆட்டமாக இருந்தது.

ஐரோப்பிய அரண்மனையில் ராஜாவுக்குப் பக்கத்தில் இருப்பவர் ராணி. சுவிட்சர்லாந்தின் ஐன்சீடெல்ன் மடாலயத்தில் கிடைத்த, கி.பி. 1000ஐ ஒட்டிய லத்தீன் கவிதையிலேயே ராணி பலகைக்கு வந்துவிட்டார். பெயர்தான் ராணி, நடை பழைய மந்திரியின் நடையே. அடுத்த 500 ஆண்டுகள் அப்படியே போயின.

15ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்பெயினின் வலென்சியாவை ஒட்டி விதிகள் மாறின. ராணி எல்லாத் திசையிலும் எத்தனை கட்டம் வேண்டுமானாலும் போகலாம். பிஷப்புக்கு மூலைவிட்டம் முழுவதும் திறந்துவிடப்பட்டது. 1497இல் சலமாங்காவில் லுசெனா அச்சிட்ட நூலில் பழைய விதியும் புதிய விதியும் அருகருகே இருக்கின்றன. புதிய ஆட்டத்தை ‘வெறிபிடித்த ராணியின் ஆட்டம்’ என்றே பிரெஞ்சுக்காரர்கள் அழைத்தார்கள். பல மணி நேரம் இழுத்த ஆட்டம் ஐந்தாறு நகர்த்தலிலேயே முடியக்கூடியதாக மாறியது. இன்று உலகம் ஆடுவது அந்த ஆட்டத்தைத்தான். அடித்தளம் இந்தியா போட்டது, செப்பம் பாரசீகமும் அரபுலகமும் செய்தது, வேகம் ஸ்பெயின் தந்தது. இதில் யாருடைய பங்கையும் யாரும் அழிக்க முடியாது.

வங்கி முதல் சோதனைச் சாவடி வரை

ஷா என்ற ஒற்றைச் சொல் பலகையோடு நிற்கவில்லை. அதன் பிள்ளைகள் இன்று நம் அன்றாடத்தில் புகுந்து நிற்கிறார்கள்.

ராஜாவுக்குச் ‘செக்’ வைத்தால் எதிராளி தன் விருப்பப்படி ஆட முடியாது, நின்று கவனித்தாக வேண்டும். அதனால் ஆங்கிலத்தில் ‘செக்’ என்றால் தடுத்து நிறுத்துதல் என்று பொருள் விரிந்தது. பிறகு கட்டுப்படுத்துதல், சரிபார்த்தல். பேருந்தில் ஏறும் செக்கிங் இன்ஸ்பெக்டர், மாநில எல்லையின் செக்போஸ்ட், மருத்துவமனையின் செக்கப் எல்லாவற்றிலும் உள்ள ‘செக்’ அந்தப் பாரசீக ராஜாதான். மோசடியைத் தடுக்க வைத்த அடிக்கட்டைச் சீட்டுக்கு ‘செக்’ என்று பெயர் வந்து, அதிலிருந்து வங்கிக் காசோலைக்கும் அந்தப் பெயர் வந்தது.

பலகையின் பெயரும் சும்மா இருக்கவில்லை. சதுரங்கப் பலகைக்குப் பழைய பிரெஞ்சில் ‘எஷெக்கியே’. 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இரண்டாம் ஹென்றியின் காலத்தில், அரசரின் வரிக்கணக்குப் பார்த்த முறையைக் கருவூல அதிகாரி ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் ஒரு நூலில் விவரிக்கிறார். சுமார் பத்தடி நீளமும் ஐந்தடி அகலமும் உள்ள மேசை. விளிம்பில் நான்கு விரல் உயரத்துக்குச் சட்டம். மேலே கோடுகள் போட்ட கறுப்புத் துணி. பவுண்டு, ஷில்லிங், பென்னி என்று பத்தி பத்தியாகக் காசுகளை வைத்து, மாவட்ட அதிகாரிகள் கொடுத்த கணக்கை எல்லோர் கண் முன்னும் கூட்டிக் கழித்தார்கள். எதிரெதிரே இரு தரப்பு, நடுவில் கட்டம் போட்ட மேசை. பார்ப்பதற்குச் சதுரங்கம்போல இருந்ததால் அந்த அலுவலகத்துக்கே ‘எக்ஸ்செக்கர்’ என்று பெயர் வந்தது. பிரிட்டனின் நிதியமைச்சர் இன்றும் ‘சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்’. ஒரு வல்லரசின் கஜானா, இந்தியாவில் பிறந்த ஒரு பலகையின் பெயரில் நடக்கிறது. தீபாவளிக்கு எடுக்கும் செக்டு சட்டையும் அந்தக் கட்டங்களின் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது.

பெட்டிச் செய்தி: குழப்பம் வேண்டாம்

கல்வி செஸ், சுகாதார செஸ்: வரியோடு வரும் இந்த ‘செஸ்’ வேறு. மதிப்பிடுதல் என்று பொருள்படும் ‘அசெஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லின் சுருக்கம் அது. தமிழில் எழுதும்போது ஒன்றுபோலத் தெரிகிறது, ஆட்டத்தோடு உறவே கிடையாது.

எலோ ரேட்டிங்: இது மூன்று சொற்களின் முதலெழுத்துகள் அல்ல. இந்தத் தரக் கணக்கை வகுத்தவர் ஹங்கேரியில் பிறந்த அமெரிக்க இயற்பியல் பேராசிரியர் ஆர்பத் எலோ. அவருடைய பெயர்தான் அது.

கேம்பிட்: காலை இடறிவிடுவதைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. 1561இல் நூல் எழுதிய ஸ்பானியப் பாதிரியார் ரூய் லோபஸ் இதைச் சதுரங்கத்துக்குள் கொண்டுவந்தார். ஒரு காயைக் கொடுத்து எதிராளியை இடறவைக்கும் தொடக்கம்.

பிறந்த வீட்டில் புதிய விதி

ஐரோப்பா போய் வந்த ஆட்டமும் உள்ளூர் ஆட்டமும் 19ஆம் நூற்றாண்டு இந்தியாவில் நேருக்கு நேர் சந்தித்தன. இந்தியச் சதுரங்கத்தின் வரலாற்றை அதற்கு முன்பே, 1790இல், வில்லியம் ஜோன்ஸ் ஐரோப்பிய அறிஞர்களுக்கு எடுத்துச் சொன்னார். 1814இல் பம்பாயில் ‘எஸ்ஸேஸ் ஆன் செஸ்’ என்ற நூல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. ஆசிரியர் திருவேங்கடாசாரிய சாஸ்திரி. 1829இல் சென்னையில் அச்சான இன்னொரு நூலை குலாம் காசிமும் ஜேம்ஸ் காக்ரேனும் சேர்ந்து எழுதினார்கள். சென்னைக்கும் ஐதராபாத்துக்கும் இடையே நடந்த சதுரங்கப் போட்டியின் ஆட்டங்கள் அதில் உள்ளன. ‘சென்னை சதுரங்கத்தின் தலைநகர்’ என்று இன்று பெருமையோடு சொல்லும்போது இந்தப் பெயர்களையும் நாம் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்திய விதிகளுக்கும் ஐரோப்பிய விதிகளுக்கும் வேறுபாடுகள் இருந்தன. நம் சிப்பாய் முதல் நகர்த்தலில்கூட ஒரு கட்டம்தான் போகும். பஞ்சாபைச் சேர்ந்த மிர் சுல்தான் கான் வளர்ந்தது இந்த ஆட்டத்தில். ஒரு நிலப்பிரபுவின் பணியாளராக இங்கிலாந்து போன அவர், பழகிய கையைப் புதிய விதிகளுக்குப் பழக்கிக்கொண்டு 1929, 1932, 1933 என மூன்று முறை பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். ‘சதுரங்கம்’ ஆடத் தெரிந்தவர் ‘செஸ்’ கற்றுக்கொண்டு அந்த நாட்டின் சிறந்த ஆட்டக்காரர்களை வென்றார். பிறகு ஊர் திரும்பி, 1966இல் மறைந்தார். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தது 2024இல். ஒரு மேதைக்கு உரிய மரியாதை அவர் மறைந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகு வந்தது என்பது வேதனைக்குரியது.

மெல்ல மெல்ல உள்ளூர் விதிகள் மறைந்தன. போட்டிகள் எல்லாம் உலக விதிப்படி நடந்தன. பெயரும் ‘செஸ்’ ஆனது. அதை இழப்பு என்று மட்டும் சொல்ல முடியாது. உலகம் முழுவதும் ஒரே விதி இருந்ததால்தான் மேனுவல் ஆரோன் 1961இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனார், 1988இல் விஸ்வநாதன் ஆனந்த் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார், 2022இல் மாமல்லபுரத்தில் 44ஆவது ஒலிம்பியாட் நடந்தது, குகேஷ் சிங்கப்பூரில் உட்கார்ந்தார்.

எந்தப் பெயர் பொருத்தம்?

திருவாரூர் மாவட்டம் நீடாமங்கலம் அருகே திருப்பூவனூரில் ஈசனுக்கே சதுரங்க வல்லபநாதர் என்று பெயர். மன்னரின் மகளோடு சதுரங்கம் ஆடி வென்று இறைவன் அவளை மணந்தார் என்கிறது தலபுராணம். ஆட்டத்தின் வயதை நிறுவ இதை ஆதாரமாகக் காட்டுவது சரியாகாது, புராணம் வேறு வரலாறு வேறு. ஆனால் ‘சதுரங்கம்’ என்ற சொல் இந்த மண்ணின் வழிபாட்டில்கூட இடம்பிடித்திருக்கிறது என்பதை அந்தப் பெயர் காட்டுகிறது.

இது யாருக்குச் சொந்தம் என்ற சண்டைக்கு இந்தச் சொல்லின் வரலாறு இடம் கொடுக்காது. எங்கே பிறந்தது என்பதைச் சதுரங்கம் என்ற பெயரே சொல்லிவிடுகிறது. எத்தனை கைகளில் வளர்ந்தது என்பதை ஷத்ரஞ்சும் அஹெத்ரேஸும் செஸ்ஸும் சொல்கின்றன. நமக்குப் பெருமை உண்டு, கூடவே கடனும் உண்டு.

ஆனாலும் எந்தப் பெயர் ஆட்டத்துக்குப் பொருத்தம் என்று கேட்டால், சதுரங்கம்தான். ராஜா தனியாக நின்று எந்த ஆட்டமும் வெல்லவில்லை. அவர் வழக்கமாக ஒரு கட்டம்தான் நகர்வார், அவரைக் காப்பதும் ஆட்டத்தை வெல்வதும் படை. சிங்கப்பூரில் உலகப் பட்டத்தைத் தீர்மானித்ததும் ஒற்றைக் காலாள்தான். செஸ் என்ற சொல் யாரை இழந்தால் தோற்போம் என்று சொல்கிறது. சதுரங்கம் என்ற சொல் யாரால் வெல்வோம் என்று சொல்கிறது.

2011இல் தமிழ்நாடு அரசு, 7 முதல் 17 வயது வரையிலான மாணவர்களைச் சதுரங்கப் பலகை முன் உட்காரவைக்கத் திட்டம் போட்டது. அந்தப் பிள்ளைகளுக்குத் தொடக்க ஆட்டங்களையும் பொறிகளையும் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ரூக், பிஷப், பான் என்று சொல்லிக்கொடுங்கள், போட்டிக்குப் போகும் பிள்ளைக்கு அது தேவை. கூடவே தேர், யானை, காலாள் என்ற பெயர்களையும் சொல்லுங்கள், அவை நடந்து வந்த பாதையையும் ஒரு வகுப்பில் சொல்லுங்கள். பாரசீகமும் பாக்தாதும் வலென்சியாவும் வரலாற்றுப் பாடத்தில் வரும்போது அந்தப் பிள்ளைக்கு அவை அந்நிய ஊர்களாக இருக்காது.